சுடலைமணியின் மருத்துவக் கோப்பு

இன்பவல்லியின் நெஞ்சில் துடித்துக்கொண்டிருந்தது, விபத்தில் இறந்துபோன சுடலைமணி என்ற இளைஞனின் இதயம். ஆள் போய்விட்டாலும் இதயம் நிற்கவில்லை, அதில் பொருத்திய கருவி துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தது என்பதால், அவனுடைய மருத்துவக் கோப்பை எந்தக் கணினியும் மூடவில்லை. போன மாதம் அவளுக்கு மூச்சு முட்டியபோது, அவள் போனைத் தேடி எடுப்பதற்குள் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அந்தக் கோப்புதான் கூப்பிட்டிருந்தது. அந்த அதிசயம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்று சாயங்காலம், பூங்காவில் முகிலனுக்காகக் காத்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கோவில்பட்டியிலருந்து பேசுதேம்மா. சுடலைமணியோட அம்மா. அவன் கோப்புல பாதுகாவலர்னு எம் பேருதான் இருக்கு. ஒன் துடிப்பு அந்தந்த நொடியே என் போனுக்கு வந்துரும்." அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "சாயங்காலமானா இந்தத் துள்ளு துள்ளுதே, யாரும்மா அந்தப் பையன்?"

இன்பவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற தாயிடமே இன்னும் சொல்லாத விஷயம் அது. பேச்சின் நடுவிலேயே போனில் அந்தக் கோப்பைத் திறந்தாள். 'பாதுகாவலரை நீக்கவா?' என்று திரை கேட்டது. விரலைக் கொண்டுபோனாள்.

"கோவிச்சுக்காத தாயி. அவன் பொறந்ததுலருந்து இந்த நெஞ்சப் பாக்கேன். பரீட்சைக்குப் பயந்து அடிச்சிருக்கு, பந்து வெளையாண்டு அடிச்சிருக்கு. இப்பிடி ஒரு துள்ளல் அதுக்கு வாய்க்கவே இல்ல."

விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அப்போது பூங்கா வாசலில் முகிலனின் தலை தெரிந்தது.

"வந்துட்டானா?" என்று கேட்டாள் கோவில்பட்டியில் இருந்தவள்.