அநாதை சைக்கிள்

“பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க டாக்டர். இதைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறீங்க?” என்றார் மெக்கானிக்.

பல் டாக்டருக்குச் சுருக்கென்றது.

“பல்லு ஒண்ணு ஆடினா தாடையையே மாத்திடுவீங்களா? இருக்கறதைக் காப்பாத்தறதுதான் வைத்தியம்.”

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். அவருக்கே டாக்டரிடம் ஒரு கடைவாய்ப் பல் வேலை பாக்கி இருந்தது.

டாக்டருடையது கியர் வைத்த பழைய சைக்கிள். பின்னால் ஏழு பல்சக்கரம். செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் சின்னக் கை உடைந்துபோய் வண்டி முடங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு ஊரைச் சுற்றி ஒரு மிதி மிதிக்காவிட்டால் அவருக்கு அந்த வாரமே விடியாது.

“இப்ப வர்றதெல்லாம் பத்து, பதினொண்ணு சக்கரம் வச்சது டாக்டர். கேபிள் இழுக்கற அளவே வேற. மூணுல போட்டா நாலுல போய் நிக்கும். இதே காலத்து வண்டி எங்கயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க, கழட்டி மாட்டிடலாம்.”

டாக்டர் ஊரில் ஒரு கடை விடவில்லை. கிளினிக்கில் நோயாளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, “உங்க வீட்ல பழைய கியர் சைக்கிள் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். பாவம், அவர்களால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

“நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பொருத்தம் பார்க்கலை” என்றாள் மனைவி.

அவள் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்தே போய் வருவாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரும் பாராட்டியிருக்கிறார்.

கடைசியில், தேடிய பொருள் அவர்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்திலேயே அகப்பட்டது. ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் ஒரு சைக்கிள். நிறம் தெரியாத அளவுக்குத் தூசி. டாக்டர் கைக்குட்டையால் கியர் இருந்த இடத்தை மட்டும் துடைத்துப் பார்த்தார். அதே ஏழு. அதே கை.

“யார் வண்டி இது?” காவலாளியைக் கேட்டார்.

“தெரியலை சார். நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து இப்படியேதான் நிக்குது. யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.”

சாப்பிட உட்கார்ந்ததும் டாக்டர் பொங்கிவிட்டார்.

“அவனெல்லாம் ஒரு மனுஷனா? கீழே தூணுக்குப் பின்னால ஒரு நல்ல வண்டியை அநாதையா விட்டிருக்கான். எப்பவாவது ஒரு பார்வை பார்த்திருந்தாப் போதுமே. இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் எதுக்கு சைக்கிள்?”

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“அதுலேர்ந்து கழட்டிக்கலாம்னு பார்க்கறேன். தப்பில்லையே?”

“கழட்டிக்கோங்க.”

“சொந்தக்காரன் வந்து கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும்.”

டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, தன் சைக்கிள் கிடந்த மெக்கானிக் கடைக்குப் போனார்.

மெக்கானிக் கழற்றினார், மாட்டினார், மிதியைச் சுற்றிவிட்டார். செயின் ஏழு சக்கரத்திலும் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது.

“அச்சு அசல் டாக்டர்! இந்தக் காலத்துல இப்படிப் பொருந்தறது அபூர்வம்.”

சொல்லிவிட்டு, அநாதை சைக்கிளைக் கவிழ்த்து எண்ணெய்த் துணியால் ஒரு இழு இழுத்தார். தூசிக்கு அடியில் நீல நிறம் பளிச்சிட்டது. மிதிக்கட்டைகள் சேரும் இடத்தின் அடியில் பொறித்திருந்த நம்பரைப் படித்தவர், டாக்டர் வண்டியையும் கவிழ்த்துப் பார்த்தார்.

“உங்க வண்டிக்கு அடுத்த நம்பர் டாக்டர் இது. யாரோ ஜோடியா வாங்கின மாதிரி இருக்கே?”

டாக்டர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில், தனக்குக் கறுப்பும் அவளுக்கு நீலமுமாகப் பார்த்துப் பார்த்து வாங்கியது அவரேதான். மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்தபோது, மனைவி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அது உன் வண்டின்னு ஏன் சொல்லலை?”

“சொன்னேனே. இங்க குடிவந்த புதுசுல. பின் டயர் பஞ்சர், கொஞ்சம் பாருங்கன்னேன். கேட்டப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை பார்க்கறேன்னீங்க.”

டாக்டர் அவள் பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அப்புறம் எதுக்கு அதுலேர்ந்து கழட்டிக்கச் சொன்னே?”

“ரெண்டுமே நின்னு போறதுக்கு, ஒண்ணாவது ஓடட்டுமேன்னுதான்.”