டெஸ்க்டாப்தான் வேணும்!

"லேப்டாப்பே வாங்கிடுங்க. எந்த ரூம்ல உட்கார்ந்து வேணும்னாலும் ஆன்லைன் கிளாஸ் எடுக்கலாம்" என்றாள் மனைவி.

பழைய கம்ப்யூட்டர் நேற்றுப் பாதி வகுப்பில் மூச்சை நிறுத்தியிருந்தது.

"டெஸ்க்டாப்தான்" என்றார் வாத்தியார்.

"மடியில வெச்சுக்கலாம்."

"மடி சுடும்."

"கரென்ட் போனாலும் ஓடும்."

"கரென்ட் போனா கிளாஸுக்கு லீவு விட்டுக்கறேன்."

"கடைக்காரர் அதே விலைக்குத் தரேங்கறார்."

"ஓசியில குடுத்தாலும் வேண்டாம்."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கறவர்கிட்ட என்னத்தைப் பேசறது!"

மறுநாள் டெஸ்க்டாப் வந்தது. பழைய மூலையிலேயே வைத்து, கேமராவை அசையாதபடி ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்.

ஐந்து மணிக்குத் திரையில் இருநூறு பேர் கூடினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாத்தியாருக்குப் பின்னால் இருந்த பளிச்சென்ற சுவர், வரிசை பிசகாத புத்தக அலமாரி, தூசியில்லாத பூ ஜாடி.

வாத்தியாருக்கு முன்னால், கேமரா எட்டாத வீடு முழுக்க, மடிக்காத துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. போன வாரத்துக் காபி கப்புகள் தரையில் உருண்டன. உட்கார இடம் தேடி மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வணக்கம்! 'வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி?' இன்னைக்கு இருபதாவது வகுப்பு" என்று, காலடியில் கிடந்த சட்டைக் குவியலை ஓரமாக உதைத்துத் தள்ளியபடி ஆரம்பித்தார்.

ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், உங்க வீட்டை ஒரு தடவை சுத்திக் காட்டுங்களேன்!"

வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் ஆசைதாம்மா. என்ன பண்றது, என்கிட்ட இருக்கிறது டெஸ்க்டாப்பாச்சே!"