ஜெனரேட்டர் சத்தம்

“அதை நிறுத்தப் போறீங்களா, இல்லை நான் இறங்கி நடக்கட்டுமா?”

டீச்சர் கேட்டது காதில் விழுந்தும் கணவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாடகைக்கு எடுத்த கேரவன் அது. முன்னால் இரண்டு சீட்டு, அதற்குப் பின்னால் ஒரு தள்ளுகதவு. கதவுக்கு அந்தப் பக்கம் படுக்கை, அடுப்பு, சின்ன அலமாரி. கணவரின் தங்கை அங்கேதான் இருந்தாள். வண்டிக்கு வெளியே, பின்புறம் பொருத்திய இரும்புத் தட்டின் மேல் ஜெனரேட்டர். நேற்று மதியத்திலிருந்து வண்டி ஓடும்போதெல்லாம் அதுவும் அலறிக்கொண்டே வந்தது.

“வெளியே மழை தூறுது. இந்தக் குளிர்ல உங்க தங்கச்சிக்கு எதுக்கு ஏசி?”

“இருக்கட்டும்மா.”

“எனக்குத் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

நாத்தனாரின் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் வீட்டைக் காலி செய்து, தங்களோடு வைத்துக்கொள்ள அழைத்துப் போகிறார்கள். இரண்டு நாள் பயணம். அதில் டீச்சருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. “அவளைத் தனியா விடாதீங்க” என்று முதலில் சொன்னதே அவள்தான்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த மூன்று மாதத்தில் நாத்தனார் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள்.

“எப்படித்தான் முடியுதோ. கல்லு மனசு” என்று முணுமுணுத்தாள் டீச்சர். “இதுல ஏசி வேற.”



பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றதும் நாத்தனார் இறங்கி முகம் கழுவப் போனாள். பங்க் ஊழியர் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார்.

“முதல்ல அதை அணைங்க சார்! சுத்தி பெட்ரோல் இருக்கறது தெரியலையா?”

கணவர் அணைத்தார். ஊழியர் வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

“ஓடற வண்டியிலயா இதைப் போட்டுட்டு வந்தீங்க?”

“ஜன்னலெல்லாம் சாத்தித்தான்…”

ஊழியர் பின்ஜன்னல் ரப்பரை விரலால் தடவி, விரலைக் காட்டினார். கரி.

“சாத்தினா வராதா? வண்டி போற வேகத்துல புகையைத் திரும்ப உள்ளேதான் இழுக்கும். அதுல இருக்கற விஷத்துக்கு வாசனையே கிடையாது சார். உள்ளே படுத்தவங்க தூங்கினா தூங்கினதுதான்.”

கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

“நான் எத்தனை தடவை சொன்னேன்!” டீச்சர் பிடித்துக்கொண்டாள். “ஏசி, ஏசின்னு…”

“ஏசியா?” ஊழியர் குனிந்தார். “இதுல ஒயரே சொருகலையேம்மா. சும்மா ஓடிட்டு இருந்திருக்கு.”

டீச்சரும் குனிந்து பார்த்தாள். பிளக் சொருகும் இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

ஊழியர் அடுத்த வண்டிக்கு நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து வெயிலுக்கு ஏசி போடலாம்னுதான் ஸ்டார்ட் பண்ணினேன். ஒயரை எடுக்க உள்ளே போனா, தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாய்விட்டு அழுதுட்டிருக்கா. இந்தச் சத்தத்துல நான் கதவைத் திறந்தது அவளுக்குக் கேட்கலை. அப்படியே சாத்திட்டு வந்துட்டேன். அப்புறம் ஒரு இடத்துல ஜெனரேட்டரை நிறுத்தினேன். உடனே முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்து, ‘டீ போடட்டுமா அண்ணா’ன்னு சிரிக்கறா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ போய் ஆறுதல் சொல்லுவே. அப்புறம் அவ அழமாட்டா.”

தெரிந்திருந்தால் டீச்சர் போய்ச் சொல்லித்தான் இருப்பாள்.

கணவர் ஜெனரேட்டரின் பெட்ரோல் குழாயை அடைத்தார். கேரவனின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டார். தங்கை திரும்பி வந்ததும் வழிமறித்துக் கேட்டார்.

“தலை சுத்துதாம்மா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?”

“இல்லண்ணா. நல்லா இருக்கேன். ஏன், ஜெனரேட்டர் நின்னுடுச்சா?”

“இனிமே போடக்கூடாதாம்மா.”

அவள் ஒரு நொடி தயங்கினாள்.

“பரவாயில்லண்ணா. அண்ணிக்கும் தலைவலி.” சிரித்தாள். அவள் இமைகள் வீங்கியிருப்பதை டீச்சர் அப்போதுதான் கவனித்தாள்.

வண்டி கிளம்பியது. இப்போது எல்லாமே கேட்டது. கண்ணாடியில் வைப்பர் தேய்வது, அலமாரிக்குள் கரண்டிகள் உரசுவது. பின்னால் நாத்தனார் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். அதை மறைக்க உடனே இருமினாள். பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

டீச்சர் கையை நீட்டித் தள்ளுகதவைப் படாரென்று சாத்தினாள்.

“உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்!”

கணவர் திடுக்கிட்டார்.

“சமையலறைக் குழாய் வருஷக்கணக்கா ஒழுகுது! ஒரு வாஷர் மாத்தத் துப்பில்லை! பக்கத்து வீட்டுக் குழாய்னா மட்டும் ஸ்பானரைத் தூக்கிட்டு ஓடுவீங்க!”

“அதான் போன வாரமே மாத்திட்டேனே…” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

டீச்சர் அவர் காதருகே சாய்ந்தாள்.

“மெதுவா பேசாதீங்க, கத்துங்க” என்று கிசுகிசுத்தாள். “வீடு போய்ச் சேர இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு.”