பூச்சிக்கு யார் பேர்?

“முதல்ல நீங்கள் அனுப்புங்கோ சார். எனக்கென்ன அவசரம்?”

இராசையா இப்படிச் சொன்னதும், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜாதேவியின் கை அப்படியே நின்றது. நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் இராசையா. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் வாங்கும் வரிசையில்கூட ஒருத்தரையும் முன்னால் விட்டதில்லை. இன்றைக்கு என்ன வந்தது இந்த மனுஷனுக்கு?

“இல்லண்ணே, நீங்களே அனுப்புங்க,” என்றார் லூயிஸ். உயிரியல் வாத்தியாராக இருந்தவர். “நான்தான் அனுப்பணும்னா ஞாயித்துக்கிழமை அனுப்புறேன். அதுவரைக்கும் பொறுங்கலா.”

ஈப்போவில் இந்த இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் தப்பிப் பிழைத்த பழைய ரப்பர் தோட்டத்து மண்ணை அள்ளி வந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். எள்ளில் பாதிகூட இராத, வாலைத் தட்டித் துள்ளுகிற மண்பூச்சிகளைத் தேடித்தான். போன மாதம் ஆளுக்கொரு புதுப் பூச்சி அகப்பட்டுவிட்டது.

கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால், கண்டுபிடித்தவரே பூச்சிக்குப் பேர் வைக்கலாம். ஆனால் தன் பேரைத் தானே வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். அதனால் ஓர் ஒப்பந்தம்: லூயிஸின் பூச்சிக்கு இராசையா பேர், இராசையாவின் பூச்சிக்கு லூயிஸ் பேர்.

லூயிஸ் போனதும் சரோஜாதேவி கேட்டாள். “என்னப்பா, திடீரெண்டு இவ்வளவு பெரிய மனசு?”

இராசையா கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அது ரெண்டு பூச்சி இல்லை, ஒண்டுதான். என்ர பூச்சிக்கு முதுகில ஊதாப் பட்டை இருக்கு, உடம்பெல்லாம் முடி. அவருடையதுக்குப் பட்டையும் இல்லை, முடியும் குறைவு. ஆனா ரெண்டுக்கும் நகத்தில மூண்டு பல்லு, வால் நுனியில ஒரே மாதிரிக் கொக்கி. என்ர பூச்சி பெரிசு, அவருடையது அதின்ர குட்டி.”

“அதுக்கு?”

“ஒரே பூச்சிக்கு ரெண்டு பேர் நிக்காது. முதல்ல போனதுதான் நிக்கும். நான் முந்தினா அவர் பேர். அவர் முந்தினா...” அதற்கு மேல் பேச முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

“பாவம் அந்த மனுசன்,” என்றாள் சரோஜாதேவி.

பாவம்தான். ஆனால் உலகம் உள்ளவரை ஒரு பூச்சி தன் பேரோடு துள்ளும் என்றால் யாருக்குத்தான் ஆசை விடும்?

ஞாயிற்றுக்கிழமை வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. லூயிஸ் மனசு மாறிவிட்டால்? நகத்தை அவரும் உற்றுப் பார்த்துவிட்டால்? அன்று மதியம் வெயில்கூடத் தணியவில்லை, லூயிஸ் வீட்டு வாசலில் போய் நின்றார்.

லூயிஸின் மனைவி கெர்ட்ரூட் ஒரு தட்டில் கேக்கை நீட்டினார். மேசையில் மீதிக் கேக் பெரிதாக இருந்தது. தன் பேருக்காகவே கேக் வெட்டியிருக்கிறார்கள் என்று இராசையாவுக்கு மனசு உருகிவிட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் இரண்டாவது துண்டையும் வாங்கிக்கொண்டார்.

லூயிஸ் மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டினார். “அனுப்பியாச்சுண்ணே.”

இராசையா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். “உங்கட மனசு யாருக்கு வரும் சார்? எங்க, காட்டுங்கோ. என்ர பேர் பிழையில்லாமல் இருக்கோ?”

லூயிஸ் திரையைத் திருப்பினார். பூச்சியின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘லூயிசி’ என்று இருந்தது.

இராசையா திரையருகே குனிந்து எழுத்தெழுத்தாகப் படித்தார். “சார், நம்மட ஒப்பந்தம்? உங்கட பேரை நீங்களே வைச்சால் ஊர் சிரிக்காதோ?”

“ரெண்டும் ஒரே பூச்சின்னு எனக்கும் அன்னிக்கே தெரியும்ண்ணே, நகத்தை நானும்தான் பார்த்தேன்,” என்றார் லூயிஸ் சாவகாசமாக. “ஆனா இது என் பேரு இல்ல, என் பேரன் பேரு, இன்னிக்குக் காலையிலதான் சர்ச்சுல அவனுக்குத் தாத்தா பேரையே வச்சு ஞானஸ்நானம் கொடுத்தோம்.”