சீட்டுக்கு அடியில் இருந்த நிறம்

"பதினோராம் தேதிக் குறிப்புல 'ஏரி'ன்னு ஏம்மா எழுதினே?"

காப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். பழைய வரைபடங்களைப் பாதுகாக்கும் அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. கிழிந்ததை ஒட்டுவது, சுருங்கியதை நிமிர்த்துவது எல்லாம் எதிரே நின்றவளின் வேலை.

"நீலமா இருந்துச்சு சார். அதான்..."

"'நீல நிறப் பகுதி'ன்னுதான் எழுதணும். அது ஏரியா இல்லையான்னு கேட்டுத்தானே கோர்ட்டு படத்தை நமக்கு அனுப்பியிருக்கு? முடிவை முன்னாடியே நீ எழுதிட்டா எப்படி?"

அவள் அந்தச் சொல்லை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதித் தேதி போட்டாள். அவள் வேலை பழகப் போகும் மாலை வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த வாரம் முழுக்க அவள் அந்த வகுப்புக்கே போகவில்லை. உட்கார்ந்தால் கண் சொருகியது.

மேசையை அடைத்துக்கொண்டு விரிந்து கிடந்தது படம். வெள்ளைக்காரர்கள் மாகாணத்தை முதன்முதலாக அளந்து, வயலுக்கு இவ்வளவு, தோப்புக்கு இவ்வளவு என்று வரி போட்டபோது கையால் வண்ணம் தீட்டியது. எந்த நிறம் எதற்கு என்று எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. நடுவில் பெரிதாக ஒரு நீலத் திட்டு. இன்று அந்த இடத்தில் ஒரு தெரு இருக்கிறது, முப்பது வீடுகள். நீலம் ஏரிதான் என்றால் முப்பதும் இடிபடும்.

தெருக்காரர்களின் வக்கீல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை.

"கீழே பள்ளத்துல இருக்கறவங்க வீட்டுக்குள்ள மழைத்தண்ணி வருதாம். அதனால மேல இருக்கற தெருவை எடுத்துட்டு, பழையபடி ஏரியைத் தோண்டணுமாம். நல்லா இருக்கு சார் நியாயம்! பள்ளத்துல வீடு கட்டினா தண்ணி வராம தயிரா வரும்?"

"நியாயத்தைக் கோர்ட்டுல பேசுங்க. இங்க நிறத்தைப் பத்தி மட்டும் பேசலாம்" என்றார் காப்பாளர். "தோப்புக்குப் பச்சைதான் தீட்டுவாங்க. அந்தக் காலத்துப் பச்சைன்னா நீலமும் மஞ்சளும் கலந்ததுதான். அந்த மஞ்சள், வெளிச்சத்தைத் தாங்காது. இந்தப் படம் கலெக்டர் துரையோட அறைச் சுவர்ல வருஷக்கணக்கா தொங்கியிருக்கு. மஞ்சள் வெளுத்துப்போயிருந்தா, மிச்சம் நீலம்தான்."

வக்கீல் எழுந்தே விட்டார். "அப்ப அது தோப்பு!"

"ஏரியாவும் இருக்கலாம். குதிக்காதீங்க, மேசை ஆடுது."

காப்பாளர் நீலத் திட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய காகிதச் சீட்டைக் காட்டினார். "வண்ணம் காய்ஞ்ச கையோட ஒட்டின எண் சீட்டு. இதுக்கு அடியில வெளிச்சமே பட்டிருக்காது. எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். பசைக்காரி, ஆரம்பி."

"வேற யாராவது செய்யட்டும் சார். என்னால முடியாது."

"உனக்கு எப்பவும் இந்தப் பயம்தான். வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? பார்த்துச் செய். ஈரம் ஒரு சொட்டு கூடினாலும் அடியில இருக்கற நிறம் சீட்டோட வந்துடும். அப்புறம் கண்ணுக்குத் தெரியற நீலம்தான் தீர்ப்பு."

"ஐயோ, அம்மா தாயே!" வக்கீல் கைகூப்பினார். "நீ எடுக்கறது சீட்டு இல்ல, முப்பது குடும்பம்."

"பேசாதீங்க சார். மூச்சு பட்டாலே தாள் நெளியும்" என்றாள் அவள்.

வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். காப்பாளரை யாரோ ஃபோனில் அழைத்தார்கள். அறையில் அவளும் படமும் மட்டும்.

ஈர ஒற்றுத்தாளைச் சீட்டின் மேல் வைத்துக் காத்திருந்தாள். ஒரு விளிம்பு இளகியது. இன்னொன்று பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள். நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அவள் அதையே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். கை கடுத்தது.

பிறகு தூரிகையை ஓரமாகத் துடைத்து வைத்துவிட்டு, மெல்லிய எலும்புக் கத்தியை எடுத்து, மயிரிழை மயிரிழையாகச் சீட்டைக் கிளப்பினாள்.

"சார், வாங்க."

சீட்டு இருந்த இடத்தில், நேற்றுத் தீட்டியது போல, பச்சைப் பசேலென்று ஒரு சின்னச் சதுரம்.

"தோப்பு!" வக்கீல் கத்திய கத்தலில் வராந்தாப் புறாக்கள் கலைந்தன. "மகராசி, நீ நல்லா இருக்கணும்!" வாசலில் காத்திருந்த தெருக்காரர்களிடம் சொல்ல அவர் ஓடினார். வெளியே கைதட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள்.

உள்ளே அவள் குறிப்பேட்டில் 'அடியில் பச்சை நிறம்' என்று மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு நகர்த்தினாள். காப்பாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சுத்தமான வேலைம்மா. முப்பது வீட்டைக் காப்பாத்தின மூஞ்சியா இது? சிரியேன் கொஞ்சம்."

"அசதி சார். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"நாளைக்கு லீவு எடுத்துக்கிட்டு நிம்மதியா தூங்கு."

"லீவு வேணும் சார், ஆனா தூங்க முடியாது. மழை பலமா இருக்கும்னு சொல்றாங்க."

"மழைக்கும் உன் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? உன் வீடு எங்க இருக்கு?"

அவள் எலும்புக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

"அந்தத் தெருவுக்குக் கீழே, பள்ளத்துல சார். கேஸ் போட்டதே எங்கப்பாதான். நாளைக்குக் காலையில அவரைக் கட்டிலோட தூக்கிப் பக்கத்து மாடியில சேர்த்துட்டு, வாசல்ல மணல் மூட்டை அடுக்கணும்."