இடம் மாறிய குச்சி

முதல் பாத்தியின் ரக எண் குச்சியைப் பிடுங்கி இரண்டாம் பாத்தியில் நட்டார். அங்கே இருந்ததை இங்கே ஊன்றினார். கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார் குண்டுவிதைக்காரர்.

ஆராய்ச்சிப் பண்ணையின் மோட்டார் அறைக்குள் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இவ்வளவுதானா இந்த மனுஷன்?'

ஒரு பாத்தி அவள் உருவாக்கிய சோயா ரகம். மற்றது அவருடையது. ஐந்து வருஷ உழைப்பு. இன்றைய எடையில் எது முந்துகிறதோ, அதுதான் அடுத்த வருஷம் ஊர் ஊராக விதைப்புக்குப் போகும்.

"செடிக்குக் காய் கூடினா மகசூல் தானா கூடும் சார்" என்பாள் அவள்.

"காய் எண்ணி என்னம்மா பண்றது? விதை குண்டா இருக்கணும்" என்பார் அவர். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மூன்று மாதப் பிரசவ விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறாள். இலை கொட்டிக் காய்ந்து நிற்கும் இரண்டு பாத்தியும் அவள் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

'ஆள் இல்லாத நேரமா பார்த்து...' ஓடினாள். இரண்டு குச்சியையும் பிடுங்கிப் பழையபடியே நட்டாள்.

அறுத்து, அடித்து, தூற்றி, மாலையில் தராசு வைத்தார்கள்.

"முதல் பாத்தி ஒன்பது கிலோ. ரெண்டாவது ஏழரை" என்றார் டைரக்டர். "ஒன்பது யாருது?"

அறுவடைக்கார அம்மா குச்சியைப் பார்த்தாள். "நம்ம பெரியவருதுங்க."



"இருங்க சார், அது என்னுது இல்ல." குண்டுவிதைக்காரர் நோட்டைப் பிரித்தார். "இவங்க லீவுல இருந்தப்ப ரெண்டு பாத்திக்கும் நான்தான் பூ பார்த்து எழுதினேன். முதல் பாத்தி வெள்ளைப் பூ. வெள்ளை இவங்களுது, ஊதா என்னுது. விதைச்ச அன்னிக்கு நிறைமாச வயித்தோட குச்சி நட்டாங்க, மாறிப்போச்சு. நேத்துதான் நோட்டுல பார்த்தேன். காலையில சரியா மாத்தி வெச்சேனே... எப்படியோ, காய்தான் சார் ஜெயிச்சுது."

"சரி, மறுபடி மாத்தினது யாரு?" டைரக்டர் குரல் உயர்ந்தது.

குண்டுவிதைக்காரர் பார்வை ஒரு நொடி அவள் நக இடுக்கு மண்ணில் நின்றது.

"நானாத்தான் சார் இருக்கும். வயசாயிடுச்சில்ல? மாத்தினதை மறந்துட்டு, டீ குடிச்சுட்டு வந்து இன்னொரு தடவை மாத்தியிருப்பேன்."