எட்டாவது லைன் ஊர்வலம்

"துண்டைப் போட்டுக்கிட்டாச்சா? அப்படியே வெக்கத்தைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போங்க!"

பொண்டாட்டி கத்தினதை பாய்லர்காரர் காதுலயே வாங்கல. புதுக் கட்சித் துண்டைக் கண்ணாடி பார்த்துச் சரி பண்ணிக்கிட்டிருந்தாரு, என்னமோ மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி.

"எப்படிடி இருக்கு?"

"மாட்டுக்குப் போட்டா இன்னும் நல்லா இருக்கும்."

மில்லு ஓடின காலத்துல பாய்லர் பார்த்த மனுஷன், சங்கத்துல முன்வரிசை. மில்லை மூடினாங்க. பெத்ததுங்க பொழப்பு தேடிப் பறந்துடுச்சுங்க. மில்லு குவார்ட்டர்ஸ்ல மிஞ்சினது கெழடு கட்டைங்களும் பூட்டுங்களும்தான். வாடகை கம்மின்னு எங்கிருந்தோ சில குடும்பம் வந்து, இவங்க இருக்கற ஏழாவது லைன் வீட்டு வரிசையிலயே குடியேறிச்சு. அவ்வளவுதான். அன்னிக்கு முதலாளியைத் திட்டின வாயெல்லாம் இன்னிக்கு அவங்களைத் திட்டுது. ஓட்டும் மொத்தமா, அவங்களை விரட்டணும்ங்கற கட்சிப் பக்கம் சாஞ்சிடுச்சு.

இன்னிக்குக் கட்சி ஊர்வலம். வந்தவங்க வீட்டு வாசல்லயே போய் நின்னு "வெளியேறு"ன்னு கத்தப் போறாங்களாம். டவுன்ல இருந்து வர்ற பயலுங்களுக்கு இங்க எந்த லைன், எந்த வீடுன்னு தெரியாது. "நான் வழி காட்டறேன்"னு முண்டியடிச்சு முன்னால போய் நின்னது யாரு? நம்ம பாய்லர்காரர்தான்!

"பக்கத்து வீட்டுப் பொண்ணும் வந்தவதான், நிறைமாசங்க. நீங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்போ தூக்கிக்கிட்டு ஓடினது அவ புருஷன்."

"அரசியல் உனக்குப் புரியாதுடி." செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அந்தம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாங்க. பொண்ணோட புருஷன் டவுன் கம்பெனியில ஷிப்டுக்குப் போயிருந்தான். அவளைப் பின்பக்கமாக் கூட்டிட்டு வந்து தன் அடுப்படியில உக்கார வெச்சாங்க.

"அத்தை, மாமாவுமா?"

"மாமா வரட்டும். இன்னிக்கு சோறு கிடையாது. தண்ணி மட்டும்தான். அதுவும் தலையில."

பொண்ணுக்குச் சிரிப்பு வரல.

கோஷம் கிட்ட வந்துச்சு. அந்தம்மா தொடப்பத்தைக் கையில எடுத்துக்கிட்டு வாசக் கதவுகிட்ட நின்னாங்க. எவன் முதல்ல வந்தாலும் சரி, கட்டின புருஷனே ஆனாலும் சரி.

யாரும் வரல.

"வெளியேறு! வெளியேறு!" சத்தம் இப்போ வீட்டுக்குப் பின்னால கேக்குது. அடுப்படி ஜன்னலைத் தொறந்து பார்த்தாங்க.

எட்டாவது லைன். மில்லு மூடின கையோட மொத்தமாக் காலியான லைன். கரப்பான்பூச்சி கூடப் பொழைக்க வழியில்லாம வேற ஊருக்குப் போயிருக்கும். அங்க ஒவ்வொரு வாசலா நின்னு கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாங்க. ஒருத்தன் துருப்பிடிச்ச பூட்டைப் புடிச்சு உலுக்குறான்.

"தொறக்க மாட்டேங்கறான் பாருங்கண்ணே! நடுங்கிட்டிருக்கான்!"

"விடு தம்பி, அடுத்த வீட்டுக்குப் போவோம்." அது பாய்லர்காரர் குரல்.

பொண்ணும் எட்டிப் பார்த்தா. இவங்க முகத்தை அவ பார்த்தா, அவ முகத்தை இவங்க பார்த்தாங்க. ரெண்டு பேரும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

ஜெயிச்ச களிப்போட கூட்டம் டவுனுக்குத் திரும்பினப்புறம், தொண்டை கட்டிப் போய் வந்து உக்காந்தாரு மனுஷன். அந்தம்மா சுடச்சுட டீயை நீட்டினாங்க.

"ஏங்க, இதுக்கு அந்தத் துண்டைப் போட்டுக்கிட்டு முன்னால வேற நிக்கணுமா? ஊரே காறித் துப்புமே."

"பின்னால நின்னா, நான் சொன்ன பக்கம் எவன்டி திரும்புவான்?"